சி டிரைவில் இருந்த அபிதா

சார், உங்கள் ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் சி டிரைவ் நிறைந்து சிவப்பாகி நிற்கிறதே, கவனித்தீர்களா? எஃப்.ஐ.ஆர்., கோயில் பாதுகாப்புக்குப் போனபோது எடுத்த படம், ஏட்டையா மகள் கல்யாணப் பத்திரிகை, எல்லாம் டெஸ்க்டாப்பில் குவிந்து கிடக்கிறது. டெஸ்க்டாப்பும் சி-க்குள்தான் அடக்கம் என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. பக்கத்திலேயே டி டிரைவ் காலியாக இருக்கிறது. வாசலில் மூட்டையை அடுக்கிவிட்டு வீட்டில் இடமில்லை என்று புலம்புகிற கதைதான்.

என் பெயர் விஜயபாண்டி. கோம்பையில் பதினோரு வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். என் கம்ப்யூட்டரிலும் இரண்டு டிரைவ். சி என்பது எஸ்.எஸ்.டி.; சின்னது, வேகமானது, நடக்கிற வேலைக்கு. டி பழைய ஹார்ட் டிஸ்க். பெரியது, மந்தமானது, முடிந்த வேலைக்கு. இவ்வளவுதான் விஷயம். ஆனால் நம் ஊரில் ஒருவன் டெஸ்க்டாப்பில் தெரியும் ஷார்ட்கட்டைப் பென்டிரைவில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முழுப் படத்தையும் எடுத்துவிட்டதாகக் கிளம்புவான். ரோட்டோரத்தில் கம்பம் என்று எழுதிய மைல்கல்லைப் பிடுங்கிக்கொண்டு போனால் கம்பம் ஊரும் கூடவே வந்துவிடுமா? பத்துப் பேர் முன்னால் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

சந்தனம்மாளைப் பற்றித்தானே கேட்டீர்கள், வருகிறேன். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. ஒரே மகள் அபிதா. அந்தப் பிள்ளையின் சடங்கு வீடியோவை எடுத்தது நான்தான். அடுத்த வருடமே காய்ச்சலில் போய்விட்டது. கொடுத்த பென்டிரைவை இவள் எங்கேயோ தொலைத்துவிட்டாள். சுவரில் மாட்டிய படத்திலோ, நான் செய்த டச்சிங்கில் முகம் மாவு பூசியதுபோல் வெளுத்திருக்கும். அதனால் அமாவாசை தவறாமல் கடைக்கு வந்துவிடுவாள்.

"எம்புள்ளய ஒருக்கா காட்டு தம்பி" என்பாள். ஸ்கிரீனைத் தடவித் தடவி அழுவாள். போன பிறகு துடைப்பது என் வேலை. ஒவ்வொரு தடவையும் தேட அலுப்பாக இருந்ததால், அந்த ஃபோல்டரை சி-யிலேயே விட்டுவைத்து, அதற்கு டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் வைத்தேன்.

போன வைகாசியில் முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். சி நிரம்பி எடிட்டிங் நின்றுவிட்டது. அபிதாவை டி-க்கு இழுத்துப் போட்டேன். பிறகு சி-யில் இருந்த ஃபோல்டரை நிரந்தரமாக அழித்தேன். அடுத்த அமாவாசைக்கு டி-யைத் திறந்தால், அங்கே ஷார்ட்கட் மட்டும் உட்கார்ந்திருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் அழிந்திருந்தால் தோண்டி எடுத்திருப்பேன். எஸ்.எஸ்.டி. அழித்ததைத் தடயமில்லாமல் கழுவிக் கவிழ்த்துவிடும்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கிவிட்டுப் போகட்டும். என்னைப் பார்த்து இந்த ஊர் சிரிப்பதா?

சந்தனம்மாள் பின்னாலேயே நின்றிருந்தாள். அவளுக்குக் கண்ணில் புரை. கூடலூரில் நான் எடுத்த ஜோதிகா என்ற பெண்ணின் சடங்கு வீடியோவைப் போட்டேன். அதே வாடகைப் பட்டு, அதே மயில் நாற்காலி, அதே பாட்டு, எல்லாமே என் ஏற்பாடு. சொந்தக்காரர்கள் வரும் இடங்களை ஓட்டித் தள்ளிவிட்டு, பெண் தனியாக இருக்கும் காட்சிகளை மட்டும் காட்டினேன். அவளும் வழக்கம்போல ஸ்கிரீனைத் தடவி அழுதாள். ஒரு குறையும் இல்லாமல் ஏழு அமாவாசை இப்படிப் போனது.

எட்டாவது அமாவாசைக்குள் எவனோ அவளை இலவசக் கண் முகாமுக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்துவைத்துவிட்டான். வந்து உற்றுப் பார்த்தாள்.

"தம்பி, இது எம்புள்ள இல்லையே."

"ஆத்தா, இத்தன மாசமா யாரப் பாத்து அழுத? கண்ணுக்குள்ள புது லென்ஸு வச்சிருக்காக, மொகம் அப்படித்தான் தெரியும். பெத்த புள்ள மொகத்தயே மறந்துட்டியா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, பாவி மக மறந்துட்டேனே! எந்தங்கத்தோட மொகத்த மறந்துட்டேனே!" அதன் பிறகு மாதம் ஒருதடவை போதவில்லை. மறக்கக் கூடாது என்று தினமும் வந்து ஜோதிகாவின் முகத்தை மனப்பாடம் செய்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை கம்பம் பஸ் ஸ்டாண்டில் பள்ளிக்கூட யூனிஃபார்மில் ஜோதிகா நின்றிருக்கிறாள். இவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, "அபிதா, வீட்டுக்கு வா" என்று இழுத்திருக்கிறாள். கூட்டம் பிள்ளைபிடிக்காரி என்று அடித்தது. ஆபரேஷன் செய்த கண்ணிலேயே அடி. இனிமேல் அதில் பார்வை வராது என்று டாக்டர் சொன்னதாக நீங்களே சொன்னீர்கள்.

அவள் பிள்ளைபிடிக்காரி இல்லை சார். அவளுக்கு அந்த முகத்தைக் கொடுத்தவன் நான். சொன்னதெல்லாம் சத்தியம், எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு திருத்தம். ஸ்டேஷன் ரைட்டர் 'தவறுதலாக அழித்துவிட்டேன்' என்று தட்டியிருக்கிறார். அதை எடுத்துவிட்டு 'வேண்டுமென்றே அழித்தேன்' என்று போடச் சொல்லுங்கள். தண்டனை கூடும் என்கிறார், கூடட்டும், கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஷார்ட்கட் விஷயம் மட்டும் கோம்பைக்குத் தெரிய வேண்டாம்.