இதழ் வளைஞ்ச பூ

இல்ல டாக்டர், லண்டன் இல்ல. புத்தகம் லண்டன்தான், உள்ள ஆயிரத்து எண்ணூத்தி எம்பத்தொண்ணுன்னு அச்சடிச்சிருக்கு, அத நான் இல்லன்னு சொல்லல. நான் சொல்றது அட்டைய. ஒடம்பு பழசு, சட்ட புதுசு. உக்காருங்க லா. கோப்பி சொல்லியிருக்கேன், வந்துரும். எங்க வாங்குனீங்கன்னு கேட்டேனே, அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.

சரி, மொதல்ல இதப் பாத்துருங்க. புத்தகத்து முதுகுல ஆறு தங்கப் பூ. பூவுக்கு அஞ்சு இதழ். பித்தள அச்ச அடுப்புல காய வச்சி, தோலு மேல தங்கத்தாளப் போட்டு அழுத்துனா இப்படி விழும். இப்ப மெல்லிசுத் தாள மேல வச்சி பென்சிலால லேசா தேய்க்கறேன். தெரியுதா? வலது பக்கத்து இதழ் நுனி உள்ள மடங்கியிருக்கு. அடுத்த பூவுலயும் அதே. ஆறுலயும் அதே. தோலு வெடிச்சிருந்தா ஒண்ணுல இருக்கும், ரெண்டுல இருக்கும். ஆறுலயும் ஒரே எடத்துலயா வெடிக்கும்? பல்லப் பாத்தே வயசு சொல்றவங்க நீங்க, ஒங்களுக்கு நான் வெளக்கணுமா. அச்சே வளைஞ்சிருக்கு.

அந்த அச்சு இந்தக் கட சாமான். ஆமா, இதே கட. வெளிய சன்னாசி பைண்டிங்குன்னு போர்டு பாத்துட்டுத்தானே வந்தீங்க, அந்த சன்னாசி நான்தான். அச்சு வளைஞ்சது எழுவத்திரெண்டு, பொங்கலுக்கு மறுவாரம். அதுக்கு முந்தி குத்துன பூவெல்லாம் முழுசா இருக்கும். அப்ப இந்த அட்ட செஞ்சது அதுக்கப்புறம், இந்தப் பதினோரு வருசத்துக்குள்ள.

யாரு செஞ்சான்னா, இருளாயி. என் சம்சாரம். செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துல பால் வெட்டிக்கிட்டு இருந்தவ, எடது கைக்காரி. கட்டிக்கிட்டு வந்தப்புறம் வேல காட்டிக் குடுத்தது நான். ஆறே மாசந்தான், என்னவிட நல்லாக் குத்த ஆரம்பிச்சிட்டா. எனக்கு சூட்டு அச்சத் தூக்குனா கை நடுங்கும், அவளுக்கு நடுங்காது. துரைமாருங்க, கிளப்பு ஆளுங்க எல்லாரும் சன்னாசி வேல சன்னாசி வேலன்னுதான் கொண்டு போவாங்க. நானும் ஆமா துவான், ஆமாங்கய்யான்னு தலைய ஆட்டுவேன். போர்டுல பேரு நம்மளதுதானே.

அச்ச வேற எவனாச்சும் வாங்கியிருக்கலாமேங்கறீங்க. நல்ல கேள்வி. பூவோட எடது ஓரத்தத் தடவிப் பாருங்க, ஆழமா எறங்கியிருக்கா? அது அவ கை. அவ அழுத்துனா அந்தப் பக்கந்தான் எறங்கும். வீட்ட விட்டுப் போறப்ப அவ எடுத்துட்டுப் போனது அந்த ஒரு அச்சத்தான். துணிமணிகூட எடுக்கல. அன்னியிலேருந்து எவன் பழைய புத்தகம் கொண்டாந்தாலும் நான் மொதல்ல முதுகத்தான் தேய்ப்பேன். போன மாசம் ஒரு லாயரு, மனுசன் பைத்தியமான்னு பாத்தாரு. பாக்கட்டும். இன்னிக்குத்தான் அந்தப் பூ சிக்கியிருக்கு.

கடுதாசியா? கிளப்பு அலமாரியில வைக்க லண்டன் வேல, நூறு வருசத்து வேலன்னு வேணும், அவ்வளவுதானே. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். பொய்தான். போர்டுலயே பொய்ய எழுதித் தொங்க விட்டுருக்கவனுக்கு இதுல என்னா சூசா, என்னா கஷ்டம். எந்தக் கடைன்னு மட்டும் சொல்லுங்க.

பீடோரா.

பஸ் ஸ்டேசனுக்குப் பின்னால. ம். நான் கடல் தாண்டி மெட்ராசு வரைக்கும் ஆள் விட்டு விசாரிச்சேன் டாக்டர். இங்க, பஸ்ஸுல போற தூரத்துல இருக்கற பீடோரு.

எப்படி வளைஞ்சிச்சுன்னா... அன்னிக்கு ஒரு துரை வந்து பூ வேலய ரொம்பப் புகழ்ந்துக்கிட்டு நின்னான். இவ கோப்பி கொண்டாந்து வச்சவ, நான் செஞ்சது துவான்னு சொல்லிட்டா. அவ்வளவுதான். சொன்னது நெசம். துரை சிரிச்சிட்டுப் போயிட்டான். எனக்குத்தான் மண்டைக்கு ஏறிடுச்சு. அச்சு அடுப்புல கெடந்துச்சு. ஒன் வேலன்னு ஊருக்குத் தெரியணுமா, இந்தா முத்திர குத்திக்கன்னு அவ எடது கையப் புடிச்சி அச்ச அழுத்துனேன். ஒதறுனா. அச்சு போயி சிமிட்டித் தரையில விழுந்துச்சு. இதழ் வளைஞ்சது அப்பதான். வெக்கமா இருக்கு டாக்டர். இத்தன வருசத்துல யார்கிட்டயும் சொன்னதில்ல.

நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க, கடுதாசி எழுதறேன், உக்காருங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்தக் கடையில புத்தகத்த எடுத்துக் குடுத்த அம்மா எடது கையப் பாத்தீங்களா, முழங்கைக்குக் கீழ? ஒரு பூ இருக்கும். அதுல அஞ்சு இதழும் நல்லா இருக்கும். அந்த அச்சு கடைசியா முழுசாப் பதிஞ்சது அங்கதான்.