மால்டாவின் அட்டை

ஞாயிற்றுக்கிழமை டீயில் நான் சர்க்கரை கொஞ்சம் தாராளமாகவே போடுவேன், செயலாளர் சார். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

நம் டெல்லி தமிழ்ச் சங்கத்து மாடி ஹாலில் இந்த ஐ.நா. விளையாட்டை ஆரம்பித்ததே நான்தான். மேடையில் பேசப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு மட்டும். ஆளுக்கொரு நாடு, பெயர் எழுதிய அட்டை. அட்டையைத் தூக்கி, தலைவர் கூப்பிட்டால்தான் பேசலாம். தலைவர் நான். ரிடையராகி, மனைவியும் போன பிறகு, முனிர்கா வீட்டில் என்னோடு பேசுவது குக்கர் மட்டும்தான்.

வள்ளியம்மைக்கு மால்டா. எட்டாம் வகுப்பு, திக்குவாய். முதல் நாள் "ம... ம..." என்று நின்றபோது பிள்ளைகள் சிரித்தார்கள். எல்லாரும் போன பின் வாராவாரம் அவளைத் தனியாகப் பேசிப் பழக வைத்தேன். "அச்சா அங்கிள், இன்னொரு வாட்டி சொல்றேன்" என்பாள். தீபாவளிக்குள் மடை திறந்தாற்போல் பேசினாள். பஸ் ஸ்டாப் வரை என்னோடு வளவளவென்று பேசிக்கொண்டே வருவாள். அந்த நடைக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

அப்புறம் அவள் அம்மா வந்தார். "ஸ்கூல் டிபேட் டீம்ல சேத்துக்கிட்டாங்க சார். இனிமே சண்டே அங்கதான் பிராக்டிஸ். எல்லாம் உங்க புண்ணியம்." கும்பிட்டார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

விளையாட்டில் வெளிநடப்பு உண்டு. பிடிக்காத நாடு பேசினால் எழுந்து போகலாம். அவளுடைய கடைசி ஞாயிறன்று மற்ற பிள்ளைகளை முன்னதாகவே வரவழைத்து, மால்டா பேச ஆரம்பித்ததும் சிரித்துக்கொண்டே வெளியே போகச் சொன்னேன். விளையாட்டுதானே என்றேன். போனார்கள். அவள் பாதியில் நின்று என்னைப் பார்த்தாள்.

"மால்டாவுக்கு இன்னும் நேரம் இருக்கும்மா, பேசு" என்றேன்.

காலி நாற்காலிகளைப் பார்த்து மறுபடி "ம... ம..." என்று ஆரம்பித்தாள். நேரம் முடியும்வரை நான் மணி அடிக்கவில்லை.

அன்று எழுந்து போன பிள்ளைகளில் ஒருவன், மதன், உங்களிடம் சொன்னது உண்மைதான். செய்யச் சொன்னது நான். பள்ளியிலும் வீட்டிலும் அவள் வாயே திறப்பதில்லை, டீமிலிருந்தும் எடுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். தெரியும். ஆனால் இங்கே மட்டும் தவறாமல் வருகிறாளே, அதை யோசித்தீர்களா? என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறாள். அவள் அட்டையை எதிரிலேயே வைத்திருக்கிறேன். தூக்கினால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவேன்.

அவளுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள் சார்? அன்று அத்தனை பேரும் எழுந்து போனபோது, போகாமல் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான்.