கரைக்கு வர யோசித்த படகு

ஆடி மாதத்தில் எங்கள் ஜெயமங்கலத்தில் ஈரத் துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், சார். அந்தக் காற்று வீணாகிறதே என்றுதான் பாய்மரப் படகு செய்தேன். கடலை நான் மொழிபெயர்ப்பு நாவல்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன். கைக்கு எட்டியது வைகை அணை.

படகுக்கு ஆள் வேண்டாம். ஃபஸி லாஜிக் என்ற கணினி முறை ஓட்டும். மற்ற கணினிகளுக்கு ஆம், இல்லை இரண்டுதான். இதற்கு நடுவில் உள்ளதும் புரியும். காற்று கொஞ்சம் பலம், கரை ஓரளவு பக்கம், அப்படியானால் சுக்கானைச் சற்றே திருப்பு.

நடுவில் இருப்பது எப்படி என்று எனக்குக் காட்டியவர் என் தாய்மாமா சங்கரலிங்கம். அவர் மகள் ஜோதிலட்சுமியை எனக்குக் கேட்டு அம்மா ஆறு வருடம் பண்ணைப்புரத்துக்கு நடந்தார்.

"மாமா என்ன சொன்னாக?"

"பாப்பம்னாக."

"முடியாதுன்னாச்சும் சொல்லலாம்ல?"

"அதையுந்தான் கேட்டேன். அதுக்கும் பாப்பம்னுட்டாக."

அதனால் கடைசியாக இரண்டு விதிகள் எழுதினேன். கரை மிகப் பக்கத்தில் வந்தால், பாதி திரும்பு. வேறு படகு நெருங்கினால், முழுதாக விலகு.

போன திங்கட்கிழமை மாமாவை ஒரு சுற்று போய்வரக் கூப்பிட்டேன். அன்று மட்டும் உடனே சரி என்றார். அவருக்கு நீச்சல் தெரியாது. படகில் இரண்டு பொட்டலம் முறுக்கு வைத்து, அவரை மட்டும் ஏற்றிவிட்டேன். பட்டினி போடும் எண்ணம் எனக்கு இல்லை.

மீன் பிடிக்கும் தங்கப்பாண்டி பரிசலில் இரண்டு முறை துரத்தினார். படகு மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. "என்னப்பா இது, கோவிச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரி போகுது" என்று துடுப்பைப் போட்டுவிட்டார்.

புதன்கிழமை, கரைக்கு நாற்பதடியில் மாமா எழுந்து நின்றார். "ஏலே மாப்ளே, சரிடா. கட்டிக்கடா. சத்தியமாச் சொல்றேன்." படகு பாதி திரும்பியது. அவ்வளவு காற்றில் ஒருவர் சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது, சொல்லுங்கள்.

அப்போதுதான் ஜோதிலட்சுமி என் முன்னால் வந்து நின்றாள். "மச்சான், உங்க சட்டைப் பையில இருக்கது அதை நிப்பாட்டுற ரிமோட்தான? அமுக்குங்க மச்சான்."

வியாழக்கிழமை காற்று நின்றது. படகு தானாகவே கரை தட்டியது. நான்கு நாள் வெயிலில் மாமா அதற்குள் இறந்திருந்தார்.

ரிமோட் நான்கு நாளும் என் பையில்தான் இருந்தது. பேட்டரியும் புதிது. மறைக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், சார். அவள் கேட்டபோது நான் மாட்டேன் என்று சொல்லவில்லை.

பாப்பம் என்றுதான் சொன்னேன்.