அடிக்கிளை

— ஏழடின்னு கண்ணால பாத்துச் சொல்றியா, அளந்து சொல்றியா?

— அளந்தேன்க்கா. வீட்டுச் சுவத்துலேந்து கேட் வரைக்கும். டேப் இல்ல, பொண்ணோட ஸ்கிப்பிங் கயிறைப் போட்டு அளந்தேன்.

— ஸ்கிப்பிங் கயிறா! இருபது வருஷமா செடி நர்சரி வெச்சிருக்கேன். முழம் போட்டுட்டு வந்திருக்காங்க, செருப்பை வெச்சு அளந்துட்டு வந்திருக்காங்க. ஸ்கிப்பிங் கயிறு இதான் முதல் தடவை. சரி, சொல்லு கண்ணு, வெயில் எப்ப விழும்?

— காலைல... பதினொரு மணி வரைக்கும்னு நினைக்கிறேன்.

— நினைக்கிறியா? உன் வீட்டு வாசல்தான?

— ஜன்னல் திரையை நான் விலக்குறதே இல்லக்கா.

— ம். தரைக்கு அடியில குழாய் ஏதாச்சும் ஓடுதா?

— இடது பக்கம் தண்ணிக் குழாய் போகுதுன்னு ஓனரம்மா சொன்னாங்க.

— அப்ப ஃபைகஸ் மரத்துப் பக்கமே போகாத. அதோட வேரு குழாயைத் தேடிப் போய் உடைச்சிரும். இங்க வா, இந்த எலுமிச்சையைப் பாரு. சின்ன இடத்துல அடங்கி ஒடுங்கி நிக்கும்.

— முள்ளு இருக்கா?

— இருக்கும்.

— நல்லா குத்துமா?

— என்னடி கேள்வி இது? ஊரே முள்ளு இல்லாததா குடுன்னு உயிரை வாங்குது. நீ குத்துமான்னு கேக்குற.

— அடர்த்தியா வருமாக்கா? தரையிலேந்து தலை வரைக்கும் ஒரு ஓட்டை இருக்கக் கூடாது. தெருவுல நின்னு பாத்தா அங்க ஒரு ஜன்னல் இருக்கறதே தெரியக் கூடாது. எத்தனை நாள்ல அப்படி வரும்?

— நாள்லயா? மரம் என்ன பாலா, அடுப்புல வெச்சதும் பொங்க? ரெண்டு வருஷம் ஆகும்.

— ரெண்டு வருஷமா... அது வரைக்கும் என்ன பண்றது?

— ஏன் கண்ணு, வந்ததுலேந்து வாசப்பக்கமே திரும்பித் திரும்பிப் பாக்குற? ஆட்டோவை நிக்க வெச்சிருக்கியா?

— இல்லக்கா. சும்மாதான்.

— சும்மா பாக்குறவ நிமிஷத்துக்கு நாலு தடவை பாக்க மாட்டா. தொட்டியை விடு, கீழ போட்டுறப்போற. இந்த முக்காலில உக்காரு. தண்ணி குடி. குடிச்சியா? இப்ப சொல்லு. யாரு?

— பொண்ணோட அப்பா.

— ஓ.

— பிரிஞ்சு ஏழு மாசம் ஆச்சு. ஷூவுக்கு பாலிஷ் சரியா போடலன்னு முதல் தடவை கை நீட்டினார். அப்புறம் காரணமே தேவைப்படல. கிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட்ல உத்தரவு போட்டிருக்காங்க. பைலதான் வெச்சிருக்கேன். ஆனா காகிதத்துக்குப் பயப்படுற ஆள் இல்லக்கா அவர். இது மூணாவது வீடு. இந்த அட்ரஸ் கூடப்பிறந்த அண்ணனுக்குக் கூடத் தெரியாது.

— இங்க வந்தானா?

— கண்ணால பாக்கல. போன வாரம் கேட் கொக்கி மாறியிருந்துச்சு. நான் எப்பவும் கீழ் வளையத்துல மாட்டுவேன். அன்னிக்கு மேல் வளையத்துல இருந்துச்சு. பால் போடுறவரா இருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். ஆனா பயம் போகலக்கா. பல்லு தேய்க்கும்போது கூட குழாயைத் திறக்க மாட்டேங்குறேன். அந்தச் சத்தத்துல கதவுச் சத்தம் கேக்காம போயிருமோன்னு.

— பொண்ணு எங்க இப்ப?

— வீட்ல. எட்டு வயசு. வெளிய கூட்டிட்டு வரவும் பயமா இருந்துச்சு. உள்ள தாழ்ப்பா போட்டிருக்கா. நான் வந்து மூணு தடவை தட்டினாதான் திறக்கணும்னு சொல்லியிருக்கேன். போன் குடுத்திருக்கேன்.

— எதிர் வீட்ல யாரு?

— டெய்லர் ஒருத்தர். நாள் பூரா மெஷின்ல உக்காந்து எங்க வாசலையே பாத்துட்டிருப்பார். முதல்ல அதுவே பயமா இருந்துச்சு. இப்ப அந்த மெஷின் சத்தம் நின்னாதான் பயமா இருக்கு.

— அப்ப நான் சொல்றதைக் கேளு. சுவரு மாதிரி அடர்த்தியா வெச்சேன்னு வெச்சுக்க. தெருவுல போறவனுக்கு நீ தெரிய மாட்ட, சரி. ஒருத்தன் கேட்டைத் தாண்டி உள்ள வந்து அந்த இலைக்கு நடுவுல பதுங்கிட்டான்னா? அந்தப் பக்கம் டெய்லருக்கும் தெரியாது, இந்தப் பக்கம் உனக்கும் தெரியாது. நீயே அவனுக்கு மறைவு கட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும்.

— ஐயோ, அக்கா.

— பயமுறுத்தலடி. மறைவு மேலதான் வேணும், கீழ காலியா இருக்கணும். அதோ அந்தப் பவழமல்லியைப் பாரு. ஒத்தைத் தண்டா ஏத்தி விட்டிருக்கேன். முகத்துக்கு நேர இலை, முட்டிக்குக் கீழ ஒண்ணும் கிடையாது. எவன் வந்து நின்னாலும் கால் காட்டிக் குடுத்துரும்.

— கீழ வெட்டினா மரம் தாங்குமா?

— நல்லா தாங்கும். என் நர்சரியிலேந்து எது போனாலும் அடிக்கிளையை ஒரு முழத்துக்கு வழிச்சுட்டுதான் அனுப்புவேன். கரையான் ஏறாது, காத்தோட்டமா இருக்கும். என்னக்கா, பாவாடையைத் தூக்கிச் சொருகின மாதிரி அனுப்பிட்டீங்கன்னு வாங்குறவங்க திட்டுவாங்க. என்ன பண்ண, கை கேக்க மாட்டேங்குது.

— சரிக்கா. ரெண்டு பவழமல்லி குடுங்க. இன்னிக்கே நட்டுத் தர முடியுமா? உங்ககிட்ட பேசினதுல கொஞ்சம் மூச்சு வருது.

— தந்துட்டாப் போச்சு. டெம்போ இப்பதான் ஒரு வீட்ல நட்டுட்டுத் திரும்பியிருக்கு. டிரைவர் கை கழுவிட்டிருக்கான். அட்ரஸைச் சொல்லு.

— ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி மூணாவது சந்து. பன்னெண்டாம் நம்பர். பச்சை கேட்.

— பன்னெண்டா?

— ஆமா.

— பச்சை கேட்டா?

— ஆமாக்கா. ஏன் எழுதாம நிறுத்திட்டீங்க? உங்க முகம் ஏன் இப்படி ஆயிருச்சு?

— கண்ணு... நேத்து ஒருத்தர் வந்தார். தன்மையா பேசினார். ஷூ அழுக்காயிரும்னு மண்ணுல கால் வெக்காம, அந்தப் பலகை மேல நின்னுதான் பேசினார். அப்படி ஒரு பளபளப்பு அந்த ஷூவுல. வீட்டுக்காரிக்குச் சொல்லாம கொள்ளாம மரம் நட்டுத் தரணும்னார். ஆள் உயரத்துக்கு நந்தியாவட்டை ரெண்டு, இருக்கறதுலயே அடர்த்தியா. வாசல் ஏழடி நாலங்குலம், இடது பக்கம் தண்ணிக் குழாய் ஓடுதுன்னு சொன்னார்.

— நாலங்குலம்... அது எனக்கே தெரியாதேக்கா.

— பொண்டாட்டி மேல எவ்வளவு ஆசை பாருன்னு நினைச்சேனே, பாவி! என் கையால பொறுக்கி எடுத்துக் குடுத்தேனே! டெம்போ போயிட்டு வந்தது உன் வீட்டுக்குத்தான்டி.

— பொண்ணு தனியா இருக்காக்கா.

— டேய் டிரைவர், வண்டியை எடு! சோப்பைப் போடுடா கீழ! கண்ணு, நீ பொண்ணுக்குப் போனைப் போடு, நான் போலீசுக்குப் போடறேன்.

— ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்க்கா, ரிங் போகுது... எடு, எடு சாமி... ஹலோ, குட்டி?

— அம்மா! மரம் வந்துருச்சும்மா! நீயா வாங்கின?

— கதவைத் திறந்தியா?

— இல்லம்மா. ரெண்டு அண்ணா வந்து நட்டுட்டுப் போயிட்டாங்க. நான் திரை இடுக்குல பாத்தேன். நீ சொன்ன மாதிரி சத்தமே போடல.

— என் தங்கம். எதிர்ல டெய்லர் மாமா இருக்காரா?

— மெஷின் சத்தம் கேக்குது. ஆனா மாமா தெரியல. மரம் மறைக்குது, தெருவே தெரியலம்மா.

— கண்ணு, அவளைக் கீழ பாக்கச் சொல்லு.

— என்னக்கா?

— அடிக்கிளையில கை வெக்காதீங்க, தரை வரைக்கும் இலை இருக்கணும்னு அந்தாள் ரெண்டு தடவை சொல்லிட்டுப் போனான். பழக்க தோஷம், நான் வழிச்சுட்டேன். கீழ பாக்கச் சொல்லு!

— குட்டி, அம்மா சொல்றதைக் கேளு. திரையை அசைக்காம, குனிஞ்சு, மரத்துக்கு அடியில பாரு. என்ன தெரியுது?

— மண்ணு ஈரமா இருக்கு. அப்புறம்... அம்மா, பளபளன்னு ரெண்டு ஷூ தெரியுது.