ஐந்நூற்றொன்று

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்தில், எனக்கு முன்னால் இருந்த இளைஞர் பக்கத்திலிருந்த தன் ஊர்ப் பெரியவரிடம் சொன்னார்:

"கள்ளன் வெளிநாட்டுக்காரன் இல்ல அண்ணாச்சி. ஒத்த டாலர் சேத்து எடுத்திருக்கான்."

அவருடைய கிரிப்டோ கணக்கை யாரோ துடைத்து எடுத்திருக்கிறார்கள். கைபேசியில் அந்தப் பணம் போன தடம் தெரிந்தது.

"எடுத்தவன் பேரு இருக்காதோ?"

"இருக்காது. எந்தக் கணக்குக்கு எவ்வளவு போச்சுன்னு மட்டும் யாரும் பாக்கலாம். இங்கன பாருங்க, ஐநூத்தி ஒண்ணு. அடுத்து ஆயிரத்தி ஒண்ணு. மறுபடியும் ஐநூத்தி ஒண்ணு."

"மொய் எழுதுத மாதிரில்லா இருக்கு. ஒம் பாஸ்வேர்டு யாருக்குலே தெரியும்?"

"கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்ததே தங்கச்சி மாப்பிள்ளைதான். அவரு கைமாத்து குடுத்தாக்கூட ஒத்த ரூவா சேத்துதான் குடுப்பாரு."

பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

"போலீசுக்குப் போயிராதலே. தங்கச்சி மாசமா இருக்கால்லா."

"காலையிலயே புகார் குடுத்துட்டேன் அண்ணாச்சி. பஸ் ஏறுன பொறவுதான் இந்த ஒத்த டாலரக் கவனிச்சேன்."

கைபேசி அடித்தது. திரையில் 'மச்சான்' என்றிருந்தது. நாலைந்து தடவை அடித்த பிறகு எடுத்தார்.

"சொல்லுங்க மச்சான். அங்கனதான் வந்துக்கிட்டு இருக்கேன். தங்கச்சி சாப்பிட்டாளா?"