கசடுக்கு வழியில்லாத படம்

— வாசல்லயே மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்காதக்கா, உள்ள வா. நீ வரைஞ்ச பிளாண்ட்தானே, அதோட நாத்தத்தையும் கொஞ்சம் மோந்து பாரு.

— சீ, என்னடா இது! அழுகின முட்டையைத் தலையில உடைச்ச மாதிரி.

— காலையிலேருந்து இப்படித்தான். ரியாக்டர்ல வேகாம மிஞ்சற ரசாயனத்தைப் பிரிச்சு மறுபடி ரியாக்டருக்கே அனுப்பறோமில்ல, அந்தக் குழாய் லைன்ல வரத்து தறிகெட்டு ஏறுது. புதுச் சரக்கு கையளவு கூட்டினா, திரும்பி வர்றது அண்டாவளவு வருது. பம்ப் தாங்காம கசியுது. எனக்கு ரெண்டு தடவை வாந்தி.

— வரையறதுதான் என் வேலை, ஓட்டிக் கன்ட்ரோல் பண்றது உன் வேலைடா தம்பி.

— ஆமா, சட்டையை இறுக்கித் தைச்சுட்டு, மூச்சு விடறது உன் பாடுன்னு சொல்லு! செலவு மிச்சம்னு ரியாக்டரைச் சின்னதாக்கி முதலாளிகிட்ட மாலை வாங்கினது யாரு? வரையும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டியா?

— கேக்கல. தப்புதான். ஆனா ஒரு வருஷமா ஒழுங்கா ஓடுச்சே, எப்படி?

— இப்ப எதுக்குக்கா அது?

— சரக்கோட வர்ற கசடு ரியாக்டர்ல வேகவும் வேகாது, பொருளோட போகவும் போகாது. ஒரு சொட்டு வீணாகக் கூடாதுன்னு நான் அதுக்கு வெளியேற வழியே வைக்கல. சுத்திச் சுத்திச் சேர்ந்து என்னைக்கோ கழுத்தை நெரிச்சிருக்கணும். எங்கடா போச்சு?

— சரி, கேட்டுக்கோ. அந்த லைனுக்கு அடியில, கழுவி விடறதுக்குன்னு ஒரு வால்வு. நூலளவு திறந்தே வெச்சிருந்தேன். பின்பக்கக் கால்வாய்க்குப் போயிடும். மேனேஜருக்கும் தெரியும்.

— அதைத் திறந்துவிடக் குமட்டலையாடா உனக்கு?

— குமட்டுச்சு. அப்புறம் பழகிடுச்சு.

— கம்பெனி கேட் வாசலுக்கு வெளியே டீ விக்கிறாங்களே ஒரு அம்மா. நேத்து மழையில நனைஞ்சு நின்னேன்னு கூப்பிட்டு, தன் துண்டைக் குடுத்துத் தலை துவட்டச் சொல்லி, டீ குடுத்தாங்க. வாய்கிட்ட கொண்டுபோனா கிளாஸ்ல இதே நாத்தம். கால்வாய்த் தண்ணியிலதான் கழுவறாங்க. கையெல்லாம் புண்ணு. "வயசாச்சும்மா, தோல் உரியுது"ன்னு சிரிக்கறாங்க. குடிக்கவும் முடியல, கொட்டவும் மனசு வரல.

— ஐயோ, போதும்க்கா. எனக்கு மட்டும் ஆசையா? இன்னைக்கு பிளாண்ட் நின்னா என் வேலை போயிடும். வீட்டுல பச்சப்புள்ள. அந்த வால்வுதான் அடைச்சுக்கிச்சு போல. ஒரு கம்பியை விட்டுக் குத்திட்டு வந்துடறேன். இன்னைக்கு ஒருநாள் மட்டும்.

— கம்பியைக் கீழே வை.

— அக்கா, வழி விடு.

— அடைக்கலடா. அந்த டீ நாத்தம் எங்கேருந்துன்னு தேடி வந்து, காலையில நான்தான் வால்வை மூடி, கைப்பிடியைக் கழட்டிட்டு வந்தேன். நீயா பிளாண்டை நிறுத்துவேன்னு வெளியிலேருந்து காத்திருந்து பார்த்தேன், நடக்கல, அதனால என் படம்தான் தப்புன்னு முதலாளிகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன், பிளாண்டை நிறுத்திட்டு வா, இந்தத் தடவை பக்கத்துல உக்காந்து நீயும் வரை.