நாளைக்குக் கேட்கப்போகும் கேள்விகள்

சீமோன்: திரும்பவும் முதலிலை இருந்து. நாளைக்கு விசாரணையிலை கேள்வி கேக்கிற சிற்றியின்ர வக்கீல் இப்ப நான்தான். நீங்கள் அல்பேட்டின்ர மனிசி றோஸ்மேரி. கேட்டதுக்கு மட்டும் பதில். சரியோ?

றோஸ்மேரி: சரி.

சீமோன்: நடைபாதையிலை விழுந்த அண்டைக்கு உங்கட கணவர் என்ன சப்பாத்துப் போட்டிருந்தவர்?

றோஸ்மேரி: பனிச் சப்பாத்து. நத்தாருக்கு மகள் மெலிசா வாங்கிக் குடுத்தது. முதலிலை இறுக்கமெண்டு போடமாட்டன் எண்டவர். பிறகு...

சீமோன்: அண்ணி.

றோஸ்மேரி: என்ன?

சீமோன்: பனிச் சப்பாத்து. அவ்வளவுதான். நத்தாரும் வேண்டாம், மெலிசாவும் வேண்டாம். இறுக்கம் எண்டு சொன்னியளோ, காலுக்குப் பொருந்தாத சப்பாத்து எண்டு அவை எழுதுவினம்.

றோஸ்மேரி: பிறகு இளகிட்டுது எண்டும் எழுதட்டுமன்.

சீமோன்: கர்த்தரே... மூண்டாவது ஞாயிறு நான் பூசை முடிய நேரை மல்வேர்னுக்கு, உங்கட வீட்டை வாறன். நீங்கள்தானே பழக்கிவிடும் எண்டு கேட்டனீங்கள்? ஒரு கேள்வி தாண்டேல்லை.

றோஸ்மேரி: கேளும், கேளும். தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு கேளும்.

சீமோன்: நாளைக்கு அந்த வக்கீல் பெட்டையிட்டையும் தேத்தண்ணி குடியும் எண்டுதான் சொல்லப்போறியள்.

றோஸ்மேரி: அது தேத்தண்ணி குடிக்கிறேல்லையாம். கோப்பிதானாம்.

சீமோன்: ...உங்களுக்கு என்னெண்டு தெரியும்?

றோஸ்மேரி: போனிலை கதைச்சனான். சிற்றியின்ர கடிதத்துக்கு அடியிலை பேரும் நம்பரும் கிடந்தது. மிதுஷா எண்டு. தமிழ்ப் பிள்ளை எண்டு எடுத்தனான்.

சீமோன்: எங்களுக்கு எதிரா நிக்கிற வக்கீலுக்கு... நீங்களே போன் எடுத்தனீங்கள்.

றோஸ்மேரி: நகரசபையின்ர வக்கீல் எண்டா நகரத்துச் சனத்துக்குத்தானே? நாங்கள் இஞ்சை இருபத்தெட்டு வருசம்.

சீமோன்: இல்லை அண்ணி, இல்லை. அவைக்கு ஒரேயொரு கட்சிக்காரர். அது சிற்றி. றோட்டிலை குழி எண்டாலும், மரக்கொப்பு முறிஞ்சு விழுந்தாலும், என்ர அண்ணை சறுக்கி விழுந்து மண்டை உடைஞ்சு செத்தாலும், அவை நிக்கிறது சிற்றியின்ர பக்கம்.

றோஸ்மேரி: அந்தப் பிள்ளையும் அதைத்தான் சொன்னது. நான் உங்கட வக்கீல் இல்லை அம்மா, என்னோடை கதைக்கக் கூடாது, உங்கட லோயரிட்டைச் சொல்லுங்கோ எண்டு நாலு தரம். மரியாதைக்குச் சொல்லுது எண்டு நினைச்சன்.

சீமோன்: பிறகு?

றோஸ்மேரி: எந்த ஊர் எண்டு கேட்டன்.

சீமோன்: கேட்டிருப்பியள்.

றோஸ்மேரி: தாய் தகப்பன் மட்டக்களப்பாம். வீட்டை வந்தா நல்ல தேத்தண்ணி தாறன் எண்டன். கோப்பிதான் குடிக்கிறது எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டுது.

சீமோன்: இதாலைதான் சொல்லுறன், நாளைக்கு அங்கை போகவே வேண்டாம். வழக்கை விடுறதுக்கு எங்கட லோயர் தந்த பேப்பரிலை கையெழுத்தை வையுங்கோ. வழக்கு அதோடை முடிஞ்சுது.

றோஸ்மேரி: எனக்கு வேண்டியது ஒண்டுதான், சீமோன். அண்டைக்கு விடிய எங்கட நடைபாதை கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஜன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான். ஐஸ் கரைய உப்புப் போட்டாச்சு எண்டு சிற்றி சொல்லுது. அப்பிடி எழுதிக் குடுத்தது ஆர்?

சீமோன்: தெரிஞ்சு என்ன செய்யப்போறியள்? அண்ணை எழும்பி வரப்போறாரே?

றோஸ்மேரி: உமக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன். சிற்றிக்கு உப்புப் போடுற கொம்பனியிலைதானே நீரும் மெசின் ஓடுறீர்.

சீமோன்: எங்கட கொம்பனிக்கு இருபது ரூட். எல்லாம் எனக்கு என்னெண்டு தெரியும்?

றோஸ்மேரி: கோவிக்காதையும்.

சீமோன்: கோவிக்கேல்லை. சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன். நாளைக்கு அந்தப் பெட்டை சத்தியம் எடுப்பிச்சுப்போட்டு நாலு மணித்தியாலம் கேக்கும். அண்ணையின்ர கண் பார்வை, சலரோகம், முதல் நாள் குடிச்சவரோ... எல்லாத்தையும் கிண்டும். அதுதான் அவையின்ர வேலை.

றோஸ்மேரி: கிண்டட்டும். ஆனா அவையின்ர வேலை அது மட்டும் இல்லையாம். தங்களிட்டை இருக்கிற பேப்பர் முழுக்க எங்களுக்குத் தரவும் வேணுமாம். தங்களுக்குப் பாதகமானதையும் சேத்து.

சீமோன்: ...ஆர் சொன்னது?

றோஸ்மேரி: எங்கட லோயர். அவரிட்டை ஒரு பெட்டி வந்தது.

சீமோன்: எப்ப?

றோஸ்மேரி: மூண்டு கிழமைக்கு மேலை.

சீமோன்: எனக்கு நீங்கள் சொல்லேல்லை.

றோஸ்மேரி: நீர் கேக்கேல்லை.

சீமோன்: அதிலை... என்ன கிடந்தது?

றோஸ்மேரி: அண்டைக்கு உப்பு மெசின் போன வழியெல்லாம் கிடந்தது, நிமிசக் கணக்கிலை. எங்கட பக்கம் அது வரவேயில்லை. அங்காலை ஒரு சந்தியிலை ஒண்டரை மணித்தியாலம் சும்மா நிண்டிருக்கு. ஆனா வேற ஒரு தாளிலை, எங்கட றோட்டுப் பேருக்கு நேரை, முடிஞ்சுது எண்டு சரி போட்டு, ஒரு கையெழுத்து.

சீமோன்: ஆரின்ர கையெழுத்து?

றோஸ்மேரி: லோயர் கேட்டவர், உது உங்கட மனிசன்ர கடைசிப் பேர்தானே, சொந்தக்காரரோ எண்டு. எங்கட ஊர்த் தீவுப் பக்கத்திலை உந்தப் பேர் ஒழுங்கைக்கு ஒண்டு எண்டு சொன்னன்.

சீமோன்: அண்ணி... மெசினிலை உப்புப் பெட்டி உறைஞ்சு இறுகிட்டுது. ஆளை அனுப்புங்கோ எண்டு கேட்டனான், ஒருத்தரும் வரேல்லை. மிச்சத்துக்கும் சரி போட்டிட்டு வா, விடிய வேற ஆள் போவான் எண்டு சுப்பவைசர் சொன்னவர். போட்டன். அண்ணை நடக்கிற றோட்டும் அதுக்குள்ளை எண்டு... ஒரு நிமிசம் யோசிக்கேல்லை. செத்த வீட்டிலை உங்களுக்குச் சொல்லவெண்டு எத்தினை தரம் எழும்பினனான். நாளைக்கு என்ர பேரைச் சொல்லுங்கோ. நானும் வாறன். அந்தப் பெட்டை கேக்கிறதை என்னட்டைக் கேக்கட்டும்.

றோஸ்மேரி: நாளைக்கு ஒண்டும் இல்லை, சீமோன். உம்மட கையெழுத்தைக் கண்ட அண்டைக்கே நான் லோயரின்ர பேப்பரிலை கையெழுத்து வைச்சு வழக்கை விட்டிட்டன்... ஞாயிறு ஞாயிறா உம்மைக் கூப்பிட்டு இருத்தினது, நீரா வாய் திறப்பீரோ எண்டு பாக்கத்தான்.